திருப்பினால் திரும்ப வேண்டும்

வானொலியில் அரை நொடி என்பது நீண்ட நேரம். நேயர் தொலைபேசியில் வந்து "வணக்கம்" என்கிறார். என் பதில் அரை நொடி தாமதமானால் போதும், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவார். அந்தச் சின்ன இடைவெளியில் பேச்சின் சூடு ஆறிவிடும். அறிவிப்பாளராகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்ததில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே விழும் தாமதத்தைக் காது உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

அதே தாமதத்தைக் கையால் கண்டுபிடித்த கதை இது. வண்டியின் ஸ்டீயரிங்கும் ஒரு கேள்வி பதில்தான். "இந்தப் பக்கம் போகலாமா?" என்று கை கேட்கிறது, வண்டி திரும்பிப் பதில் சொல்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அந்தப் பதில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமானால், வண்டி ஏறக்குறைய நாலரை மீட்டர் நேராகவே போயிருக்கும். நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் எஸ்யூவிகள் பலவற்றின் முழு நீளமே அவ்வளவுதான். நெடுஞ்சாலையின் 110 வேகத்தில் அது ஆறு மீட்டர்.

கார் வாங்கும்போது நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். மாதத் தவணை எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு குடிக்கும், ஏழு பேர் உட்காரலாமா, திரை எத்தனை அங்குலம், பின்னால் குளிர்காற்று வருமா. எல்லாம் நியாயமான கேள்விகள். திருப்பினால் எப்படித் திரும்பும் என்று மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு எஸ்யூவி வந்ததற்கு அம்மாவின் முழங்கால்தான் காரணம். தாழ்வான காரில் உட்காரவும் எழவும் அவரால் முடியவில்லை. எஸ்யூவியின் இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது, சாய்ந்து உட்கார்ந்தால் போதும். மலேசியக் குடும்பங்கள் பல இதே கணக்கில்தான் உயரமான வண்டிக்கு மாறின. 2018 டிசம்பரில் புரோட்டோன் எக்ஸ்70, 2019 ஜனவரியில் பெரோடுவா அருஸ், 2020 அக்டோபரில் எக்ஸ்50, 2021 மார்ச்சில் அத்திவா என்று உள்நாட்டு நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கொண்டுவந்தன. ஒரு காலத்தில் முதலாளிமார் ஓட்டிய வகை வண்டி, தாமான் வீடுகளின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. எங்களுடையது பழைய வண்டியாக வாங்கியது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. இங்கே சொல்லப்போவது எந்த எஸ்யூவிக்கும் பொருந்தும்.

வாரத்தில் ஐந்து நாள் அதிகாலை நாலே முக்காலுக்குச் செலாயாங்கிலிருந்து புறப்படுகிறேன். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகள் தூங்குவதில்லை. பசார் போரோங்கிற்குக் காய்கறி, மீன் ஏற்றிவரும் லோரிகளும், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் லோரிகளும் வரிசையாக ஓடும். எம்ஆர்ஆர்2 சாலையில் ஏறியதும் வேகம் தானாகக் கூடும். அன்று மழை. முன்னால் போன லோரி தடம் மாறியது. அது விட்டுப்போன இடத்தில், கிழிந்த லோரி டயரின் பட்டை ஒன்று பாம்பு மாதிரி கிடந்தது. பக்கத்துத் தடம் காலி என்று கண்ணாடியில் பார்த்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். கை திரும்பியது. வண்டி ஒரு கணம் நேராகவே போய், பிறகு ஒரேயடியாகச் சாய்ந்து திரும்பியது. பட்டை பின்சக்கரத்தை உரசும் சத்தம் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை அதே வண்டியில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்ற வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் கை சில்லிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் இப்படித்தான் சொன்னேன்: "திருப்பினா திரும்புது. ஆனா கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் திரும்புது."

அவர் ஓட்டிப் பார்த்தார். "ஆமா, நீ சொல்றது சரிதான்," என்றார். அதற்குப் பிறகு நாங்கள் சந்தித்தவர்கள் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் போன டயர் கடையில், வண்டியைத் தொடாமலே தீர்ப்பு வந்தது. "பெரிய காடி, அப்படித்தான் இருக்கும் லா. பழகிடும்." நான் விடாமல் கேட்டபோது, "ஹஸ்பண்ட கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட சொல்றேன்," என்றார் ஒருவர். இரண்டாவது இடத்தில் மரியாதை நிறையக் கிடைத்தது, கூடவே ஒரு விலைப்பட்டியலும். பெரிய ரிம், தாழ்த்தும் ஸ்பிரிங், விளையாட்டு ரக ஸ்டீயரிங் உறை எல்லாம் சேர்த்து 3,400 வெள்ளி. வீட்டிலோ மாமனார், "வித்துட்டு சின்ன காடி வாங்கிக்கலாமே, அதிகாலையில தனியா போற பொண்ணு," என்று சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் சின்ன காடி வந்தால் அம்மா வீட்டோடு அடைபடுவார். பேரப்பிள்ளைகளோடு கோலகங்சாருக்குப் போகும் தீபாவளிப் பயணமும் நின்றுபோகும்.

அதனால் முதலில் தெரிந்துகொள்ள முடிவு செய்தேன்.

கைக்கும் சாலைக்கும் நடுவே

ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்கி, 'ரேக்' எனப்படும் பல்சட்டத்தில் முடிகிறது. ரேக்கின் இரு முனையிலும் 'டை ராட்' கம்பிகள். அவை முன்சக்கரங்களை இழுத்தும் தள்ளியும் திருப்புகின்றன. இப்போதைய கார்கள் பெரும்பாலானவற்றில் மின்மோட்டார் ஒன்று நமக்குக் கைகொடுக்கிறது. தண்டுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதை உணரி அளந்து சொல்ல, கணினி அதற்கேற்ப மோட்டாரை இயக்குகிறது.

இந்த உதவி எப்போதும் இருந்ததில்லை. விற்பனைக்கு வந்த கார்களில் முதன்முதலாக பவர் ஸ்டீயரிங் வைத்தது அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம். 1951-இல் வந்த இம்பீரியல் காரில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் முறை அது. மின்மோட்டார் முறை 1988-இல் ஜப்பானின் சுசுகி செர்வோ என்ற சின்னஞ்சிறு காரில் வந்தது. அப்பா வைத்திருந்த பழைய புரோட்டோன் சாகாவில் இரண்டுமே கிடையாது. வாகன நிறுத்துமிடத்தில் திருப்பித் திருப்பி அவருடைய தோள்கள் இறுகிப்போயிருந்தன. ஆனால் சாலையில் ஒரு கல் ஏறினாலும் அவர் கைக்குத் தெரியும். இன்றைய ஸ்டீயரிங்கை ஒரு விரலால் சுற்றலாம். சாலை சொல்லும் சேதி மட்டும் அவ்வளவாகக் கைக்கு வந்து சேர்வதில்லை.

தாமதம் எங்கே பிறக்கிறது? திருப்பியவுடன் வண்டி திரும்பிவிடுவதில்லை. முதலில் டயரின் பக்கச்சுவர் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கம் சாலையைப் பிடித்த பிறகுதான் பக்கவாட்டு விசை உருவாகும். அந்த விசை, சக்கரத்தையும் வண்டியையும் இணைக்கும் ரப்பர் 'புஷ்'களை அமுக்குகிறது. அதன் பின் உடல் ஒரு பக்கம் சாய்ந்து, ஸ்பிரிங்கும் அப்சார்பரும் அந்தச் சாய்வைத் தாங்கி நிறுத்துகின்றன. எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகே வண்டி முழுதாகத் திரும்புகிறது. டயர், புஷ், ஸ்பிரிங் மூன்றையும் மூன்று பஞ்சுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் அமுங்கி முடிந்த பிறகுதான் கேள்வி அடுத்த இடத்துக்குப் போகும். எஸ்யூவி உயரமானது, கனமானது, அதனால் மூன்றாவது பஞ்சு இயல்பிலேயே பெரிது. "பெரிய காடி, அப்படித்தான் இருக்கும்" என்பதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் முன்பு சரியாக ஓடிய வண்டி இப்போது யோசிக்கிறது என்றால், ஏதோ ஒரு பஞ்சு நைந்துபோயிருக்கிறது என்று பொருள்.

ஓட்டச் சொன்ன போமன்

செலாயாங் பாருவில் கடைவரிசையின் கோடியில் ஒரு சின்னப் பட்டறை. நடத்துபவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

"பிரேக் அழுத்திக்கிட்டே திருப்புறப்ப கூடுதலா தெரியுதாம்மா? மேட்டுல ஏறி இறங்குறப்ப டொக்குனு சத்தம் வருதா? நேர் ரோட்ல கைய லேசா விட்டா எந்தப் பக்கம் போகுது?"

முதல் இரண்டுக்கும் ஆம். மூன்றாவதற்கு, ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்றேன். சாவியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நீங்க ஓட்டுங்க. தினம் ஓட்டுற கைக்குத்தான் தெரியும்," என்று சொல்லிப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கே பாதிக் கூலி கொடுத்திருப்பேன்.

தாமான் சாலைகளில் ஒரு சுற்று. ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் தலையாட்டினார். திரும்பி வந்ததும் டயர் அழுத்தமானியை எடுத்தார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எங்கள் வண்டிக்கு 230 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கிறது. முன் இடது டயரில் 180, முன் வலதில் 195. அடுத்து டயரின் பக்கச்சுவரில் இருந்த நாலு இலக்கங்களைக் காட்டினார். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய உரிமையாளர் போட்ட டயர்கள், ஆறு வயதைத் தாண்டிவிட்டன. வரிப்பள்ளம் இன்னும் இருந்தது, ஆனால் ரப்பர் இறுகி, நுண்ணிய வெடிப்புகள் விட்டிருந்தன.

பிறகு வண்டியைத் தூக்கினார். முன்சக்கரத்தின் இரு பக்கத்தையும் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டினார். லேசாக ஆடியது. டை ராட் முனை தேய்ந்திருந்தால் இப்படி ஆடும். நீண்ட கம்பி ஒன்றை 'லோவர் ஆர்ம்' எனப்படும் கீழ்க்கையின் இடுக்கில் செருகி நெம்பினார். ரப்பர் புஷ் கிழிந்து வாய் திறந்தது. "பாத்தீங்களா தங்கச்சி, இதுதான் யோசிக்குது," என்றார். பிரேக் அழுத்தும்போது அந்தக் கிழிசலில் சக்கரம் பின்னுக்கு நகர்கிறது, அதன் கோணம் மாறுகிறது. பிரேக்கோடு திருப்பும்போது தாமதம் கூடியதற்குக் காரணம் அதுதான்.

எதற்குப் பின் எது

பெரியவரிடம் நான் கற்றதில் முக்கியமானது வரிசை. முதலில் காற்று, அடுத்து டயர், அடுத்து தேய்ந்த பாகங்கள், அதன் பிறகே அலைன்மெண்ட். பலர் நேராக அலைன்மெண்ட் கடைக்குப் போகிறார்கள். புஷ் கிழிந்திருக்கும்போது செய்யும் அலைன்மெண்ட், ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து தலைமுடி வெட்டிக்கொள்வது மாதிரி. மேடையில் நேராக நிற்கும் சக்கரம், சாலையில் இறங்கியதும் இடம் மாறிவிடும்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓடி வந்த டயரில் அழுத்தம் 20, 30 கிலோபாஸ்கல் கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல் தானாகக் குறையும். கதவுத் தாளில் இரண்டு அளவுகள் இருக்கலாம், சாதாரண நாளுக்கு ஒன்று, ஆள் நிறைந்து சாமானும் ஏற்றினால் ஒன்று. தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது இரண்டாவதுதான் நம்முடையது.

டயரைப் பொறுத்தவரை, நம் நாட்டில் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் போனால் மாற்றியாக வேண்டும் என்பது சட்டம். கோலாலம்பூர் மழைக்கு அதுவரை காத்திருப்பது நல்லதல்ல. பள்ளம் ஆழமில்லாத டயரால் தண்ணீரை வெளியேற்ற முடியாது, அதன் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங் திடீரென்று இலகுவாகிவிடும். இன்னொன்று, அழகுக்காகப் பலர் போடும் காட்டுப்பாதை டயர்கள். அவற்றின் ரப்பர்க் கட்டைகள் உயரமானவை, திருப்பும்போது ஒவ்வொன்றும் வளைந்து கொடுக்கும். சேற்றில் நன்றாக இழுக்கும், தார்ச்சாலையில் பதில் மெதுவாகும். செலாயாங்கிலிருந்து ரவாங் வரை போய்வரும் வண்டிக்குத் தார்ச்சாலை டயரே போதும்.

அலைன்மெண்ட் என்பது மூன்று கோணங்கள். மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் உள்ளே பார்க்கின்றனவா வெளியே பார்க்கின்றனவா என்பது 'டோ', நாம் பாதம் வைத்து நடப்பது போல. முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு 'கேம்பர்'. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் அளவு 'காஸ்டர்', ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்ப உதவுவது அது. பல வண்டிகளில் முன்சக்கர டோவை மட்டுமே சாதாரணமாக மாற்ற முடியும். கேம்பரோ காஸ்டரோ கணக்கில் இல்லை என்றால், எங்கோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. வேலை முடிந்ததும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். முன்பும் பின்பும் இருந்த அளவுகள் அதில் இருக்கும். தடம் காக்கும் உதவி, வழுக்கல் கட்டுப்பாடு உள்ள புதிய வண்டிகளில் ஸ்டீயரிங் கோண உணரியையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங்கின் நடு எது என்று வண்டிக்குத் தவறாகத் தெரிந்திருந்தால், நாம் நேராகப் போகும்போதும் அது திருப்பமாக நினைத்துக்கொள்ளும்.

எங்களுக்கு ஆன செலவு இது. இரு பக்க புஷ்ஷும் கூலியும் 320 வெள்ளி, டை ராட் முனைகள் 140, அலைன்மெண்ட் 60, நான்கு டயர்கள் 1,240. மொத்தம் 1,760 வெள்ளி. சின்னத் தொகை இல்லை. ஆனால் டயர் எப்படியும் மாற்ற வேண்டியது. மீதி 520 வெள்ளி, முன்பு கேட்கப்பட்ட 3,400-இல் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

ஆசை காட்டும் மாற்றங்கள்

பெரிய ரிம் போட்டால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகும், முதல் பஞ்சு சுருங்கும், பதில் கூர்மையாகும். அது உண்மை. கூடவே நம் சாலைக் குழிகளின் அடி நேராக ரிம்மில் விழும், அம்மாவின் முதுகிலும் விழும். கனமான ரிம் அப்சார்பரின் வேலையையும் கூட்டும். வண்டியை மேலே உயர்த்துவது சாய்வைக் கூட்டும், ஸ்டீயரிங்கை இன்னும் மந்தமாக்கும். கூரையில் சாமான் பெட்டி வைத்தாலும் அப்படித்தான், கனமானதைக் கீழே, இருக்கைக்குப் பின்னால் வையுங்கள். எல்லாப் பாகமும் நன்றாக இருந்தும் சாய்வு பிடிக்கவில்லை என்றால், அந்த வண்டிக்கென்றே செய்த கொஞ்சம் தடித்த 'ஸ்டெபிலைசர் பார்' ஒன்று உதவலாம். வண்டியின் அமைப்பையே மாற்றும் வேலை எதுவானாலும் ஜேபிஜே விதிகளையும் காப்புறுதியையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு மயக்கம் 'ஸ்போர்ட்' பொத்தான். பெரும்பாலான வண்டிகளில் அது செய்வது, மோட்டாரின் உதவியைக் குறைத்து ஸ்டீயரிங்கைக் கனமாக்குவதுதான். கனமாக இருப்பதும் வேகமாகத் திரும்புவதும் ஒன்றல்ல. ஸ்டீயரிங்கை எத்தனை பாகை திருப்பினால் சக்கரம் ஒரு பாகை திரும்பும் என்பது பல்சட்டத்தின் பல்லில் இருக்கிறது. சாதாரண கார்களில் அது ஏறக்குறைய 14 முதல் 18 வரை. அந்தக் கணக்கைப் பொத்தான் மாற்றுவதில்லை. கிழிந்த புஷ் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால், அதே தாமதம் கொஞ்சம் கனமாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

"காத்து கொஞ்சம் கம்மியா இருந்தா என்னம்மா, சவாரி மெத்துனு இருக்கும்," என்பார் மாமனார். அவருக்கு நான் சொன்ன கதை அமெரிக்காவில் நடந்தது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறக்குறைய 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற எஸ்யூவியில் ஓடியவை. டயரின் மேற்பட்டை ஓடும்போதே உரிந்து, உயரமான வண்டிகள் புரண்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பழி டயருக்கா வண்டிக்கா என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. அந்த விவாதத்தின் நடுவில் இருந்தவற்றுள் ஒன்று காற்றழுத்தம். அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த அளவு 26 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 180 கிலோபாஸ்கல். எங்கள் முன் இடது டயரில் இருந்ததும் அதே எண். வண்டி வேறு, டயர் வேறு, என்றாலும் அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த விபத்துகளுக்குப் பிறகு வந்த சட்டத்தால்தான், அமெரிக்காவில் புதிய கார்களுக்கு டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது.

உயரமான வண்டி திடீர்த் திருப்பத்தில் என்ன செய்யும் என்பதை உலகம் நேரில் பார்த்தது 1997 அக்டோபரில். சுவீடன் நாட்டுக் கார் இதழ் ஒன்று, சாலையில் காட்டுமான் குறுக்கே வந்தால் விலகுவது போன்ற சோதனையை மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரில் செய்தது. புத்தம் புதிய கார் புரண்டுவிழுந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் செய்யும் வழுக்கல் கட்டுப்பாட்டு முறையை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தியது. இன்று நம் கார் விளம்பரங்களில் வரும் 'இஎஸ்சி' பரவலானதற்கு அந்தக் காட்டுமான் சோதனையும் ஒரு காரணம். நமக்கு மான் வராது. லோரி டயர்ப் பட்டையும் மோட்டார் சைக்கிளும் வரும்.

வேலை முடிந்த மறுநாள் அதிகாலை அதே சாலையில் போனேன். வண்டி பந்தயக் கார் ஆகிவிடவில்லை. உயரமான வண்டி உயரமாகத்தான் இருந்தது, வளைவில் சாய்ந்தது. ஆனால் கை கேட்டதும் பதில் வந்தது. கிளம்பியதிலிருந்து ஸ்டூடியோ வரை நேர் சாலையில் நான் செய்துகொண்டிருந்த சின்னச் சின்னத் திருத்தங்கள் நின்றுபோயின. இத்தனை நாள் தோள்பட்டை வலிக்கு உறக்கமின்மையைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் அந்த வலியும் குறைந்தது.

தீபாவளிக்குக் கோலகங்சார் போனோம். ஜெலாப்பாங்கைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் வளைவுகளில் நல்ல மழை. வேகவரம்பு குறைக்கப்பட்ட பகுதி, அதற்கேற்பப் போனேன். பக்கத்தில் பெரிய லோரி ஒன்று தண்ணீரை வாரி இறைத்தது. பின்னால் அம்மா முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவே இல்லை. மாமனார் முன்னிருக்கையில் சாலையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தபடி வந்தார். ஈப்போவில் புறப்பட்டபோது கைப்பிடியைப் பற்றியிருந்த கை, சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வந்தபோது கச்சான் பொட்டலத்துக்குள் இருந்தது. வண்டியை விற்கும் பேச்சு அதன் பிறகு வீட்டில் எழவில்லை.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "பழகிடும்" என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ பேர் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள், குறிப்பாகப் பெண்கள். பட்டறையில் நம் சொல்லுக்கு எடை கூட்ட, நாம் உணர்ந்ததைத் தெளிவாகச் சொன்னால் போதும். "ஸ்டீயரிங் சரியில்லை" என்பதைவிட, "60-க்கு மேல் இடது பக்கம் இழுக்கிறது", "பிரேக் போட்டால் கூடுகிறது", "மேட்டில் டொக்கென்று சத்தம் வருகிறது" என்று சொல்லுங்கள். எந்த வேகம், எந்தப் பக்கம், எப்போது. நல்ல போமன் அதிலிருந்தே பாதி கண்டுபிடித்துவிடுவார். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. வீட்டில் அந்த வண்டியை அதிகம் ஓட்டுபவர் யாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள்.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, கியரை 'பி'யில் வைத்து, கைபிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை மிக மெதுவாக இடதும் வலதும் அசையுங்கள். இன்னொருவர் வெளியே தள்ளி நின்று முன்சக்கரத்தைப் பார்க்கட்டும். கை நன்றாக அசைந்த பிறகும் சக்கரம் சும்மா இருந்தால், அல்லது டிக்டிக்கென்று சத்தம் வந்தால், பட்டறைக்குப் போகும் நாள் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை, பசியாறுவதற்கு முன் டயர் பார்க்கும் நேரம். எட்டு வயது மகள் அழுத்தமானியைப் பிடித்து எண்ணைப் படிப்பாள், நான் கதவுத் தாளோடு ஒப்பிடுவேன். போன மாதம் பின் வலதில் 215 என்று வாசித்துவிட்டு, "இது மட்டும் ஏன் குறையுதும்மா?" என்று கேட்டாள். குனிந்து தேடினோம். வரிப்பள்ளத்தில் சின்ன ஆணி ஒன்று மின்னியது.